ஸ்பானிஷில் 'குவாந்தோ' வந்தால் கொஞ்சம் நில்லுங்கள்

"வீட்டுக்குப் போனதும் சாப்பிடுவேன்." இது தினப் பழக்கமா, இன்றைய திட்டமா? தமிழில் இரண்டுக்கும் இதே வாக்கியம் போதும். ஸ்பானிஷில் போதாது. அங்கே 'குவாந்தோ' என்றால் 'எப்போது', 'போனதும்' என்பதில் வரும் '-தும்' இரண்டும்தான். பழக்கம் என்றால் 'குவாந்தோ யேகோ ஆ காசா, கோமோ'. இனிமேல்தான் போகப்போகிறேன் என்றால் 'குவாந்தோ யேகே ஆ காசா, கோமெரே'. அந்த 'யேகே'தான் சப்ஜங்க்டிவ், அதாவது நிச்சயமில்லாததைச் சொல்லும் வினை வடிவம். இன்னும் நடக்காததை நடந்த மாதிரி பேசக்கூடாது என்பது அவர்கள் கணக்கு. நான் ரொம்ப நாள் எதிர்கால வடிவத்தைப் போட்டு 'குவாந்தோ யேகரே' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். தப்பு. ஆனால் 'எப்போது வருவாய்?' என்று நேராகக் கேட்கும்போது சப்ஜங்க்டிவ் வராது, 'குவாந்தோ யேகாஸ்?' சரிதான்.

ஆள் தேடும்போதும் இதே கதை. தமிழ் பேசும் ஒருவர் இருக்கிறார், அவரைத் தேடுகிறீர்கள் என்றால் 'கே ஆப்லா தமில்'. அப்படி யாராவது கிடைப்பார்களா என்று தேடினால் 'கே ஆப்லே தமில்'.

வடிவம் பெரிய விஷயமில்லை. 'அர்' என்று முடியும் வினையில் ஆ போய் ஏ வரும், 'எர்', 'இர்' என்று முடியும் வினைகளில் ஏ போய் ஆ வரும்: ஆப்லா ஆப்லே ஆகும், கோமே கோமா ஆகும். ஒழுங்கற்ற வினைகள் சில உண்டு, அவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். அப்புறம் 'ஓஹலா' என்று ஆரம்பித்தால் யோசிக்கவே வேண்டாம், எப்போதும் சப்ஜங்க்டிவ்தான்: 'ஓஹலா யுவேவா', மழை பெய்யாதா!