ஆட்சி தடுமாறும் நாட்டில் ஓர் அணையின் பராமரிப்பைச் சரிபார்ப்பது எப்படி

பராமரிப்பு நின்றுபோனால் இந்த அணை எத்தனை நாள் தாங்கும் என்பதை முதலில் கேட்டறியுங்கள். இதற்கான பதில் அணைக்கு அணை மாறும். இராக்கில் டைகிரிஸ் ஆற்றின் குறுக்கே நிற்கும் மோசுல் அணை, நீரில் கரையும் ஜிப்சம் படிவங்களின் மேல் கட்டப்பட்டது. ஆகவே 1980-களின் நடுவில் நீர் தேக்கத் தொடங்கியது முதல், அணையின் அடியில் உள்ள கேலரி என்ற சுரங்கப் பாதைக்குள் தொழிலாளர்கள் பாறையைத் துளையிட்டு, சிமெண்ட் கரைசலை அழுத்தத்தோடு செலுத்தி வருகிறார்கள். ஓரிடத்தில் குழியை அடைத்தால் நீர் வேறிடத்தில் வழி தேடிக்கொள்ளும் என்பதால், இந்த கிரவுட்டிங் வேலைக்கு முடிவே கிடையாது.

அடுத்து, அந்த வேலைக்குத் தேவையான பொருளும் ஆளும் எந்த வழியாக வருகின்றன என்று பாருங்கள். 2014 ஆகஸ்டில் மோசுல் அணையை ஐ.எஸ். என்ற தீவிரவாத அமைப்பு கைப்பற்றியது. இரண்டு வாரங்களுக்குள் அணை மீட்கப்பட்டாலும், கிரவுட்டிங் பழைய ஒழுங்குக்குத் திரும்பவில்லை. ஓடிப்போன பணியாளர்களில் பலர் திரும்பாததும், சிமெண்ட் வந்துகொண்டிருந்த மோசுல் நகரம் 2017 வரை அந்த அமைப்பின் பிடியில் இருந்ததுமே காரணம். 2016-இல் ஓர் இத்தாலிய நிறுவனம் இத்தாலியப் படைவீரர்களின் பாதுகாப்போடு வந்துதான் துளையிடுதலையும் அடிமதகுப் பழுதுபார்ப்பையும் முறையாகத் தொடர முடிந்தது. எனவே அணை யார் வசம் இருக்கிறது என்ற அறிவிப்போடு நின்றுவிடாமல், சென்ற மாதம் எத்தனை லோடு சிமெண்ட் இறங்கியது, எத்தனை ஷிப்ட் ஓடியது, சம்பளம் வந்ததா என்று விசாரியுங்கள்.

ஒதுக்கப்பட்ட பணத்தையும் செலவான பணத்தையும் தனித்தனியே பார்ப்பது மிக முக்கியம். லிபியாவின் தெர்னா நகருக்கு மேலே 1970-களில் கட்டப்பட்ட இரண்டு அணைகளைச் சீரமைக்க 2007-இல் ஒரு துருக்கி நிறுவனத்துக்கு ஒப்பந்தம் தரப்பட்டது. 2010-இல் தொடங்கிய வேலை, 2011-இல் கடாஃபி ஆட்சிக்கு எதிரான எழுச்சியோடு நின்றது. 2012, 2013 ஆண்டுகளில் பராமரிப்புக்கென இருபது லட்சம் டாலருக்கு மேல் ஒதுக்கியும் வேலை நடக்கவில்லை என்று அரசுத் தணிக்கை அறிக்கையே 2021-இல் பதிவு செய்தது. வெள்ளம் வந்தால் அணைகள் தாங்கா என்று லிபிய நீரியல் ஆய்வாளர் ஒருவர் 2022-இல் எச்சரித்தார். 2023 செப்டம்பர் 11 அதிகாலையில், டேனியல் புயல் மழையில் இரண்டும் உடைந்து, ஆயிரக்கணக்கானோர் உறக்கத்திலேயே கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டார்கள். இத்தனை ஆவணங்கள் கையில் இருந்தும் ஒரு நகரம் பறிபோனதை என்னால் இயற்கைப் பேரிடர் என்று எழுத இயலாது; 2024 ஜூலையில் தெர்னா நீதிமன்றமும் பன்னிரண்டு அதிகாரிகளுக்குச் சிறைத் தண்டனை விதித்தது.

கடைசியாக, ஆணையிடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று உறுதிசெய்யுங்கள். லிபியாவில் அப்போது கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு அரசுகள் இருந்தன. வெளியேறுங்கள் என்று ஒரு தரப்பும், வீட்டிலேயே இருங்கள் என்று மறு தரப்பும் சொன்னதாகத் தப்பியவர்கள் பின்னர் கூறினார்கள். இப்படிப்பட்ட இடத்தில் எச்சரிக்கை ஏற்பாட்டை இரவில் சோதித்துப் பார்க்கச் சொல்லி வற்புறுத்துங்கள்: அணைக் காவலரிடமிருந்து அணைக்குக் கீழே உள்ள ஊரின் கடைசித் தெருவுக்குச் செய்தி போய்ச்சேர எத்தனை நிமிடம் ஆகிறது, இடையில் அது யாருடைய அனுமதிக்காகக் காத்துக் கிடக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.