சர்க்கரை நோய் உள்ளவரிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

சர்க்கரை நோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். இன்சுலின் போட்டுக்கொள்ளவும், விரலில் ரத்தம் எடுத்துப் பார்க்கவும், பாதத்தைக் கவனிக்கவும் கற்றுக்கொடுப்பது என் வேலை. உண்மையில் நோயாளியைவிட அவருடன் வருபவருக்குத்தான் நான் அதிகம் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. "சொன்னால் கேட்பதே இல்லை சிஸ்டர்" என்று மகள் தொடங்குவார். அப்பா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அப்படி வரும் மகள்களுக்கும் மகன்களுக்கும், கணவன்மார்களுக்கும் மனைவிமார்களுக்கும் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

மருத்துவரையும் என்னையும் நோயாளி பார்ப்பது வருடத்தில் சில மணி நேரம். மற்ற நேரமெல்லாம் இந்த நோயைச் சுமப்பவர் அவர்தான். ஆகவே அவர் கையிலிருந்து வேலையைப் பிடுங்கிச் செய்யாதீர்கள். மாத்திரையை வேளாவேளைக்கு நீங்களே எடுத்துக் கொடுத்துப் பழக்கிவிட்டால், நீங்கள் வெளியூர் போகும் அன்று மாத்திரையும் வெளியூர் போய்விடும். பார்வையோ நினைவோ மங்கியவர் என்றால் கதை வேறு. அவருக்கு நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

"மாத்திரை போட்டீர்களா அப்பா?" என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு: "போட்டேன்." அதற்குப் பதிலாக, "எல்லோருக்கும் சில வேளை தவறத்தான் செய்யும். போன வாரம் உங்களுக்கு எத்தனை வேளை தவறியிருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். தவறுவது இயல்பு என்று நீங்களே சொல்லிவிட்டதால், மறைக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. இரண்டு என்றோ மூன்று என்றோ சொல்வார். எந்த வேளை என்று கேளுங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை போட்டால் சிலருக்கு வயிறு கலங்கும், பேதியாகும். வெளியே போகும் நாளில் அதற்குப் பயந்து மாத்திரையை விட்டுவிடுவார்கள். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்ல மாட்டார்கள். சாப்பாட்டோடு சேர்த்துப் போடுவது, அளவை மெல்ல மெல்லக் கூட்டுவது, மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றுவது என்று மருத்துவரிடம் இதற்கு வழிகள் உண்டு. சோம்பேறித்தனம் என்று நீங்கள் நினைத்தது வயிற்றுக் கோளாறாக இருக்கலாம்.

நடைப்பயிற்சிக்கு இன்னொரு கேள்வி வைத்திருக்கிறேன். "தினமும் நடக்க முடியும் என்ற நம்பிக்கை பத்துக்கு எவ்வளவு இருக்கிறது?" ஐந்து என்பார். "ஏன் பத்து இல்லை?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்; முழங்கால் வலி, வெயில், நேரமின்மை என்று சாக்குகள் வரிசை கட்டும். "ஏன் இரண்டு என்று சொல்லவில்லை?" என்று கேளுங்கள். நடந்த நாளில் நன்றாகத் தூக்கம் வந்ததையும், முன்பு நடந்து பழகியதையும் அவரே எடுத்துச் சொல்வார். தன் வாயால் சொன்ன காரணத்துக்கு இருக்கும் பலம் என் அறிவுரைக்கு ஒருநாளும் இருந்ததில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் என்பது பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு. சாப்பிட்டபின் பத்து நிமிடம் என்று தொடங்கினாலே போதும்.

குளுக்கோமீட்டர் விஷயத்தில்தான் வீடுகளில் சண்டை அதிகம். 210 காட்டியதும் "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று விசாரணை ஆரம்பித்தால், அடுத்த முறை அவர் சோதிக்கவே மாட்டார், அல்லது மனம்போல் ஓர் எண்ணை எழுதிவைப்பார். எல்லா எண்களும் ஐந்திலோ பூஜ்யத்திலோ முடிந்து, ஒரே பேனாவில் ஒரே நாளில் எழுதியதுபோல் இருக்கும் நோட்டுப் புத்தகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி அவர்களைக் கேட்கவே மாட்டேன்; மீட்டரின் நினைவகத்தில் உண்மை இருக்கிறது. வீட்டில் இப்படிச் செய்யுங்கள்: சாப்பிடுமுன் ஒரு முறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை சோதிக்கட்டும். எண் வருமுன் எவ்வளவு இருக்கும் என்று அவரே ஊகிக்கட்டும். எந்த உணவு தன் சர்க்கரையை எவ்வளவு உயர்த்துகிறது என்பது சில நாளில் அவருக்கே தெரிந்துவிடும். சோதிக்குமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். பழம் உரித்த விரல் பொய் சொல்லும். விரலின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு.

எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாத நிலவரத்தைச் சொல்கிறது. சர்க்கரை ஒட்டிக்கொள்ளும் ரத்தச் சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்வதால் இது சாத்தியமாகிறது. பலருக்கு 7 சதவீதத்துக்குக் கீழ் என்பது இலக்கு. முதியவருக்கும், சர்க்கரை அடிக்கடி தாழ்பவருக்கும் மருத்துவர் அதைத் தளர்த்தியே வைப்பார். பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

இனி பாதம். வீட்டார் தயங்காமல் கைகொடுக்கக்கூடிய இடம் இது. மோனோஃபிலமென்ட் என்ற மெல்லிய நைலான் இழை ஒன்று எங்களிடம் இருக்கிறது; 10 கிராம் அழுத்தத்தில் வளையும். அதைப் பாதத்தில் வைத்து அழுத்துவேன். கண்ணை மூடிக்கொண்டு, "எப்போது ஆரம்பிக்கப் போகிறீர்கள் சிஸ்டர்?" என்பார் சிலர். அப்போது நான்கு இடத்தில் முடித்திருப்பேன். நரம்பு உணர்விழந்த பாதத்தில் செருப்புக்குள் கிடக்கும் கல்லும் உறுத்தாது, கொதிநீரும் சுடாது. வலிக்காததால் புண்ணோடு நாள்கணக்கில் நடப்பார்கள்.

தினமும் ஒரு முறை பாதத்தைப் பார்க்க வேண்டும்: அடிப்பகுதி, குதிகால், விரலிடுக்கு. குனிய முடியாதவருக்குத் தரையில் கண்ணாடி வைக்கலாம். பார்வை குறைந்தவருக்கு நீங்கள் பார்த்துச் சொல்லலாம். கழுவியபின் விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். வறண்ட தோலுக்குக் கிரீம் நல்லது. விரலிடுக்கில் மட்டும் வேண்டாம். தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்க்க வேண்டும். செருப்பை உதறிப் போட வேண்டும், வீட்டுக்குள்ளும் வெறுங்கால் கூடாது. கால் ஆணியை பிளேடால் அறுப்பதைக் கண்டால் அன்று மட்டும் என் பேச்சை மறந்துவிட்டுத் தாராளமாகச் சண்டை போடுங்கள். புண், கொப்புளம், நிறமாற்றம், ஒரு கால் மட்டும் சூடாகவோ வீங்கியோ இருப்பது, எதுவானாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர் திடீரென்று எரிந்து விழுந்தால் பதிலுக்குக் கோபப்படாமல் மீட்டரை எடுங்கள். சர்க்கரை தாழும்போது வியர்வை, நடுக்கத்தோடு எரிச்சலும் வரும். 70க்குக் கீழ் இருந்தால் 15 கிராம் சர்க்கரை கொடுங்கள். குளுக்கோஸ் மாத்திரையோ அரை டம்ளர் பழச்சாறோ போதும். சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். ஏறவில்லை என்றால் மறுபடியும் கொடுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் மருந்து இருந்தால் கொடுத்துவிட்டு ஆம்புலன்ஸை அழையுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் சில நாள் எண் ஏறும்; காய்ச்சல் வந்தால், தூக்கம் கெட்டால் ஏறும். அப்படிப்பட்ட நாளில் அவருக்குச் சலிப்பு வருவது நியாயம். அன்று சர்க்கரையைப் பற்றிப் பேசாமல் வேறு எதையாவது பேசுங்கள். சலிப்பு வாரக்கணக்கில் நீண்டு, சாப்பாடும் தூக்கமும் கெட்டால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கப் போகுமுன் கேள்விகளை அவரே எழுதட்டும். மருத்துவர் அவரிடம் கேட்பதற்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், பாதம், விழித்திரை ஆகிய மூன்றையும் வருடத்துக்கு ஒரு முறையாவது பார்த்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். விழித்திரையைப் பார்க்கக் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும் நாளில் சில மணி நேரம் பார்வை மங்கும் என்பதால், திரும்பும்போது வண்டியை நீங்கள் ஓட்டுங்கள்.