அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் எழுத்து வேலை: எங்கே தேடுவது?

அமெரிக்காவில் படித்து முடித்து, ஓபிடி (படிப்புக்குப் பின் மாணவர் விசாவில் வேலை செய்யும் அனுமதி) ஓராண்டு கரைவதற்குள் எழுத்து வேலை தேடுகிறீர்களா? பல்கலைக்கழகங்களை முதலில் பாருங்கள். வேலைக்கான ஹெச்-1பி விசாவின் ஆண்டு உச்சவரம்பான 85,000, லாப நோக்கற்ற பல்கலைக்கழகங்களைக் கட்டுப்படுத்தாது. குலுக்கல் இல்லை, எந்த மாதத்திலும் விண்ணப்பிக்கலாம்.

'கன்டென்ட் ரைட்டர்' என்று மட்டும் தேடினால் கொஞ்சம்தான் சிக்கும். 'கம்யூனிகேஷன்ஸ் ஸ்பெஷலிஸ்ட்', 'சயின்ஸ் ரைட்டர்', 'கிராண்ட் ரைட்டர்' (நிதியுதவி விண்ணப்பம் எழுதுபவர்) என்றும் போட்டுப் பாருங்கள். விளம்பரத்தின் அடியில் 'விசா ஸ்பான்சர்ஷிப் கிடையாது', அதாவது உங்களுக்காக விசாவுக்கு விண்ணப்பிக்க மாட்டோம் என்று ஒரு வரி இருக்கலாம். அதை முதலில் படித்துவிட்டால் ஒரு மாலைப் பொழுது மிச்சம்.

சரி, யார் நிஜமாகவே ஸ்பான்சர் செய்கிறார்கள்? அமெரிக்கத் தொழிலாளர் துறை, எல்சிஏ (ஹெச்-1பிக்கு முன் நிறுவனம் தாக்கல் செய்யும் விண்ணப்பம்) விவரங்களை எக்செல் கோப்பாக இலவசமாக வெளியிடுகிறது. வேலைப் பெயர் உள்ள பத்தியில் 'ரைட்டர்' என்று வடிகட்டுங்கள். விண்ணப்பித்த நிறுவனம், ஊர், சம்பளம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். என்னைக் கேட்டால், இதைவிட நல்ல வழிகாட்டி வேறில்லை.

அப்புறம், விளம்பரத்தில் 'எந்தப் பட்டமானாலும் போதும்' என்றிருந்தால் கவனம். ஹெச்-1பிக்கு வேலையோடு நேரடித் தொடர்புள்ள பட்டம் கேட்கும் பதவியாக இருக்க வேண்டும்.