கனடா பிரெய்ரியில் வெறும் தொழில் நிலம்: கையெழுத்துக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டொரொன்டோ பக்கம் ஒரு ஏக்கர் தொழில் நிலத்துக்குக் கேட்கிற பணத்தில் பிரெய்ரி எனப்படும் மேற்குச் சமவெளியில், சஸ்காச்சுவன் மாகாணத்தின் சிற்றூர் ஓரத்தில் பத்து ஏக்கருக்கு மேல் கிடைத்துவிடும். அந்த விலையைப் பார்த்ததுமே முன்பணம் கட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் அது மண்ணுக்கு மட்டுமான விலை. மின்சாரம், தண்ணீர், பாதை, வடிகால் எல்லாம் தனிக் கணக்கு, அந்தக் கணக்கு நிலத்தின் விலையையே தாண்டிப் போவதும் உண்டு. ஏக்கர் விலையைக் கேட்கும் முன், மனையின் எல்லை வரை என்னென்ன வந்திருக்கிறது என்று கேளுங்கள். ‘சர்வீஸ்டு’ (வசதிகள் வந்துவிட்ட மனை) என்ற சொல்லையும் அப்படியே நம்ப வேண்டாம். குழாய் எல்லைக்கல் வரை வந்திருக்கிறதா, ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கிறதா என்பதை வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள்.

கம்பத்தைப் பார்க்காமல் வாங்குவது

விளம்பரத்தில் ‘மின்சாரம் உண்டு’ என்றிருக்கும். ரோட்டில் நின்று அண்ணாந்து பாருங்கள். கம்பத்தின் உச்சியில் ஒரே ஒரு கம்பி, கீழே நியூட்ரல் ஒன்று என்றால் அது பண்ணைகளுக்காக இழுத்த 14.4 கிலோவோல்ட் சிங்கிள் ஃபேஸ் (ஒருமுனை) லைன். மேலே மூன்று கம்பி ஓடினால்தான் மும்முனை மின்சாரம். பத்து குதிரைத்திறனுக்கு மேல் சிங்கிள் ஃபேஸ் மோட்டார் கிடைப்பதே அரிது. எனவே பெரிய கம்ப்ரசர், தானியம் சுத்தம் செய்யும் ஆலை, கனரக வெல்டிங் கூடம் என்று திட்டம் வைத்திருப்பவருக்கு அந்த ஒற்றைக் கம்பி போதாது. மும்முனை லைன் சில கிலோமீட்டர் தள்ளி நின்றால், இழுக்கும் செலவில் பெரும்பங்கு வாங்குகிறவர் தலையில்தான் விழும். டிரான்ஸ்ஃபார்மர் வர மாதக் கணக்கில் ஆகலாம்.

மொத்த லோடு எத்தனை கிலோவாட், மிகப் பெரிய மோட்டார் எத்தனை குதிரைத்திறன், என்ன வோல்ட்டேஜ் என்ற மூன்றையும் எழுதிக் கொடுத்து, சஸ்காச்சுவனின் மின் நிறுவனமான சஸ்க்பவரிடமோ அந்தந்த மாகாண மின் நிறுவனத்திடமோ எழுத்து மூலம் மதிப்பீடு வாங்குங்கள். தரகர் வாயால் சொல்வது மதிப்பீடு ஆகாது. இன்னொன்று: கனடாத் தொழிற்கூடங்களில் மும்முனை பெரும்பாலும் 347/600 வோல்ட். அமெரிக்காவில் மலிவாகப் பிடித்த 480 வோல்ட் இயந்திரத்துக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டியிருக்கும்.

எரிவாயுவுக்கும் இதே விசாரணை தேவை. குழாய் போகிறது என்பதோடு நிறுத்தாமல், உங்கள் ஹீட்டர்களுக்குத் தேவையான அளவு அதில் மீதம் இருக்கிறதா என்று கேளுங்கள். இலையுதிர் காலத்தில் தானிய உலர்த்திகளும் அதே குழாயில்தான் இழுக்கும்.

மண்ணைச் சோதிக்காமல் கட்டடத்துக்கு விலை போடுவது

சஸ்காச்சுவனின் ரெஜைனாவைச் சுற்றியும் மனிடோபாவின் வினிபெக் பக்கமும் பழைய பனியாற்று ஏரிகள் விட்டுச்சென்ற கனமான களிமண். நம்மூர்க் கரிசலைப் போல ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அதோடு உறைபனி வேறு, பல இடங்களில் இரண்டு மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. தண்ணீர்க் குழாயை இரண்டரை முதல் மூன்று மீட்டர் ஆழத்தில் புதைப்பது அதனால்தான். சூடேற்றாத ஷெட்டின் குட்டைப் பைல்களை (அடித்தளத் தூண்களை) உறைந்த மண் கவ்விப்பிடித்து, ஒவ்வொரு குளிர்காலமும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கும். சில ஆண்டுகளில் கதவு மூடாது, சுவர்த் தகடு நெளியும்.

குறைந்தது மூன்று நான்கு துளை, ஆறு முதல் பத்து மீட்டர் ஆழம், நிலத்தடி நீர்மட்டம், சல்ஃபேட் அளவு ஆகிய இவை மண் ஆய்வறிக்கையில் இருக்க வேண்டும். துளை போட்ட அன்றைய நீர்மட்டம் ஏமாற்றும். களிமண்ணில் நீர் மெதுவாகத்தான் ஏறும், ஆகவே குழாய் செருகி வைத்துச் சில வாரம் கழித்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். சல்ஃபேட்டை விட்டுவிடாதீர்கள். பிரெய்ரி மண்ணில் அது நிறைய இருப்பதால், சாதாரண சிமென்ட் போட்ட கான்கிரீட்டை உள்ளிருந்தே அரித்துவிடும். சல்ஃபேட் தாங்கும் சிமென்ட் என்று ஆர்டரிலேயே குறிப்பிட வேண்டும்.

லாரி யார்டு போடுகிறவர்கள் கிராவல் கணக்கைத்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். மேல்மண்ணை வழித்து எடுத்துவிட்டு 30 சென்டிமீட்டர் கிராவல் பரப்பினால் சுமார் 1,200 கன மீட்டர், இறுக்கிய பின் எடை 2,400 டன்னுக்குக் குறையாது. 40 டன் ஏற்றும் லாரியில் அறுபது நடை. ஐந்து ஏக்கர் யார்டு என்றால் முந்நூறு நடை. கிராவல் குழி எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பதும் நிலத்தின் விலையில் சேர்த்தி.

பனிக்காலத்தில் பார்த்துவிட்டு வாங்குவது

ஜனவரியில் எல்லா நிலமும் வெள்ளையாக, சமமாகத் தெரியும். ஏப்ரலில் பனி உருகும்போது போய்ப் பாருங்கள். வறண்ட ஆண்டில் உழுது விதைத்திருந்த பள்ளம், மழை ஆண்டில் குட்டையாகி நிற்கும். 2010, 2011 போன்ற மழை மிகுந்த ஆண்டுகளின் வான்படங்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். ‘நம் நிலம்தானே, வாய்க்கால் வெட்டி வடித்துவிடலாம்’ என்ற எண்ணம் இங்கே செல்லாது. சஸ்காச்சுவனில் வடிகால் வேலைக்கு நீர்ப் பாதுகாப்பு முகமையின் அனுமதி வேண்டும். ஆல்பர்ட்டாவில் ஈரநிலத்தை அழித்தால் ஈடுகட்டப் பணம் கட்ட வேண்டியிருக்கும். சஸ்காச்சுவனில் 500 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளமே அளவுகோல். அந்த வெள்ளம் பாயும் வழியில் புதுக் கட்டடத்துக்கு அனுமதி கிடையாது.

வில்லங்கம் பார்க்கத் தெரியாமல் பார்ப்பது

இங்கே நிலம் கட்டம் கட்டமாக அளந்தது. ‘தென்மேற்கு 14-35-6, மேற்கு 3’ என்றால் மூன்றாம் தீர்க்கரேகைக்கு மேற்கே ஆறாவது ரேஞ்ச் (மேற்கு நோக்கி எண்ணும் வரிசை), தெற்கிலிருந்து எண்ணினால் 35ஆவது டவுன்ஷிப், அதில் ஒரு சதுர மைல் கட்டங்களில் 14ஆவது செக்‌ஷன், அதில் தென்மேற்குக் கால்பங்கு, 160 ஏக்கர். ஒரு எண் பிசகினால் வேறு யாருடைய வயலையோ ஆராய்ந்துகொண்டிருப்பீர்கள்.

உரிமைப் பதிவில் உங்கள் பெயர் ஏறுவது பெரும்பாலும் மேற்பரப்புக்கு மட்டும். கனிம உரிமை தனிப் பதிவு, அது அரசிடமோ பழைய நிறுவனம் எதனிடமோ இருக்கும். பதிவிலுள்ள ஒவ்வொரு பாத்தியதையின் ஆவணத்தையும் எடுத்துப் படியுங்கள், தலைப்பை மட்டும் பார்த்து விட்டுவிட வேண்டாம். மத்திய அரசின் கட்டுப்பாட்டிலுள்ள பைப்லைன் என்றால் நடுக்கோட்டிலிருந்து இருபக்கமும் 30 மீட்டருக்குள் மண்ணைத் தோண்ட நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். ரோடு இல்லாத இடத்தில் குழாய்க்கு மேலே கனரக வண்டி ஓட்டவும் அப்படித்தான். ஆல்பர்ட்டாவில் கைவிட்ட எண்ணெய்க் கிணற்றை மண்ணுக்கடியில் அறுத்து மூடிவிடுவதால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் சுற்றிலும் ஐந்து மீட்டருக்குள் கட்டக்கூடாது, பழுதுபார்க்க வண்டி வரவும் வழி விட வேண்டும்.

பழைய தானியக் கிடங்கு நின்ற இடம், எரிபொருள் தேக்கிய இடம், ரோட்டு உப்பு குவித்த இடம் என்று தெரிந்தால் முதற்கட்டச் சுற்றுச்சூழல் ஆய்வோடு நிறுத்தாதீர்கள். மண் மாதிரி எடுக்கும் இரண்டாம் கட்டமும் செய்துவிடுங்கள். கடன் கொடுக்கிற வங்கியும் எப்படியும் கேட்கும்.

வெளிநாட்டவரும் வெளிநாட்டுப் பங்குள்ள கம்பெனிகளும் கவனிக்க வேண்டிய வரம்பு ஒன்று உண்டு. விவசாய நிலம் என்று வகைப்பட்டிருந்தால் சஸ்காச்சுவனில் 10 ஏக்கர், ஆல்பர்ட்டாவில் 20, மனிடோபாவில் 40. ‘தொழில் மனை’ என்று விளம்பரம் சொல்வதால் மட்டும் அது வயல் இல்லை என்று ஆகிவிடாது.

ஆர்.எம். அலுவலகத்துக்குக் கடைசியில் போவது

ஆர்.எம். என்கிற ரூரல் முனிசிபாலிட்டி (ஊரக உள்ளாட்சி) அலுவலகத்தில் முதல் வாரமே போய் உட்கார வேண்டும். உங்கள் தொழில் அந்த மண்டலத்தில் நேரடியாக அனுமதிக்கப்பட்டதா, கவுன்சில் விருப்பப்பட்டால் தருவதா? இரண்டாவது என்றால் பக்கத்து நிலத்தார் வந்து ஆட்சேபிக்க வாய்ப்பு உண்டு. ஆல்பர்ட்டாவில் நெடுஞ்சாலை எல்லையிலிருந்து 300 மீட்டருக்குள் என்றால் மாகாணத்தின் அனுமதியும் வேண்டும். வசந்தத்தில் ரோடு இளகும் வாரங்களில் அச்சுச் சுமையைக் குறைத்துவிடுவார்கள். 63,500 கிலோ பி-டிரெயின் (இரண்டு டிரெய்லர் கோத்த லாரி) உங்கள் வாசல் வரை எந்தெந்த மாதம் வரலாம் என்பதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். ரயில் பாதை ஓரத்து மனைக்கு ரயில் வசதி உண்டென்று பொருளில்லை. கிளைப்பாதைக்கு ரயில்வே சம்மதிக்க வேண்டும், செலவும் உங்களுடையது.

தண்ணீர், பல ஊர்களில் சொட்டுச் சொட்டாகத் தொட்டியை நிரப்பும் இணைப்புதான். நிமிடத்துக்கு நான்கு லிட்டர் என்றால் நாளுக்கு 5,760 லிட்டர், அலுவலகத்துக்குப் போதும், லாரி கழுவுவதற்கு ஆகாது. தீயணைப்புக் குழாய் பக்கத்தில் இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் பிரீமியம் ஏறும், எனவே கட்டடத்தின் வரைபடத்தோடு இன்சூரன்ஸ் தரகரிடம் முன்கூட்டியே விலை கேளுங்கள்.

ஊராட்சியே விற்கும் மனையில் ஒன்றிரண்டு ஆண்டுக்குள் கட்ட வேண்டும், இல்லையென்றால் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்ற நிபந்தனை அடிக்கடி இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் தாமதமானால் அந்தக் கெடு நீளுமா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மண் ஆய்வு, மின் மதிப்பீடு, ஸோனிங் (மண்டல அனுமதி) ஆகிய மூன்றும் திருப்தியானால்தான் வாங்குவோம், இல்லையேல் முன்பணம் முழுதும் திரும்ப வரும் என்ற நிபந்தனைக்கு 90 நாளாவது கேளுங்கள். தரை உறைந்திருக்கும் மாதங்களில் துளை போடும் வண்டி கிடைப்பது முன்பின் ஆகும் என்பதால் 30 நாளுக்கு ஒத்துக்கொள்ள வேண்டாம்.