வெப் மாநாட்டுப் பேச்சாளரின் பயோ: கேட்பது, சரிபார்ப்பது, எழுதுவது

ஒரே நேரத்தில் மூன்று அரங்குகளில் மூன்று உரைகள். எந்த அரங்குக்குப் போவது என்று முடிவு செய்ய, பங்கேற்பாளரிடம் இருப்பவை உரையின் தலைப்பும் பேசுபவரைப் பற்றிய நாலு வரியும்தான். அந்த நாலு வரி, அதாவது பயோ, ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: இந்த விஷயத்தை இவர் சொல்லி ஏன் கேட்க வேண்டும்? பதவி, நிறுவனம், படிப்பு, அனுபவ ஆண்டுகள் ஆகியவை இந்தப் பதிலுக்கு உதவினால் உள்ளே வரட்டும். உதவாவிட்டால், எவ்வளவு பெரிய நிறுவனமானாலும் வெளியே இருக்கட்டும். வேலைக்கு அனுப்பும் பயோடேட்டாவைச் சுருக்கினால் பயோ ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது.

ஒரே மனிதருக்கு, ஒரே மாநாட்டில்கூட, உரைக்கு உரை பயோ மாறும். நிரலாளர் ரையன் டால் 2009 நவம்பரில் பெர்லினில் நடந்த ஜேஎஸ்கான்ஃப் ஈயூ என்ற ஜாவாஸ்கிரிப்ட் மாநாட்டில், பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸை (சுருக்கமாக நோட்) காட்டினார். கணித முனைவர் படிப்பை விட்டுவிட்டு நிரலாக்கத்துக்கு வந்தவர், இப்போது ஜாவாஸ்கிரிப்டில் சர்வர் எழுத வழி செய்திருக்கிறார் என்பது அந்த உரைக்குப் போதுமான அறிமுகம். 2018-இல் அதே மாநாட்டில், நோடின் வடிவமைப்பில் தான் வருந்தும் விஷயங்களைப் பேசி, அதே வேலைக்கான புதிய கருவியான டெனோவை அறிவித்தார். இந்த உரைக்கு 'நோடை உருவாக்கியவர்' என்பது பாதி அறிமுகம்தான். 2012-இலேயே அந்தத் திட்டத்தின் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்து விலகியவர் என்ற தகவலும் சேர்ந்தால்தான், இத்தனை ஆண்டு தள்ளி நின்று பார்த்தவர் பேசுகிறார் என்பது கேட்பவருக்குப் புரியும். வேலை மாறியது, விலகியது, வேறு துறையிலிருந்து வந்தது போன்ற திருப்பங்களில்தான் நல்ல பயோவுக்கான சரக்கு இருக்கிறது.

வேறு துறைப் பின்னணியை ஒளிக்க வேண்டாம் என்பதற்கும் இதே காரணம்தான். வெப் பக்கங்கள் கட்ட உதவும் ஸ்வெல்ட் என்ற கருவியை எழுதிய ரிச் ஹாரிஸ் செய்தி நிறுவனங்களில் ஊடாடும் வரைகலைகள் செய்தவர். பழைய போனிலும் செய்திப் பக்கம் சட்டென்று திறக்க வேண்டும் என்ற நெருக்கடி தெரிந்தால், வேலையைப் பிரவுசரிடம் விடாமல், நிரலை முன்கூட்டியே மாற்றித் தரும் கம்பைலரிடம் தள்ளும் அவர் அணுகுமுறை உடனே பிடிபடும். அதே வகைக் கருவியான வ்யூவை உருவாக்கிய எவன் யூ கலை வரலாறும் வடிவமைப்பும் படித்தவர். டைப்ஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியை வடிவமைத்த ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க் அதற்கு முன் டர்போ பாஸ்கல், டெல்ஃபி, சி ஷார்ப் ஆகியவற்றை உருவாக்கும் வேலையில் இருந்தவர். மொழி வடிவமைப்பு பற்றிய உரைக்கு அந்த வரிசைதான் முழுத் தகுதியும். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் அனிமேஷன் செய்வது பற்றிப் பேச வந்தால் அதே வரிசை வெறும் சுமை.

என்ன கேட்பது

மாநாட்டை நடத்தும் நீங்கள் பேச்சாளரிடம் 'உங்கள் பயோவை அனுப்புங்கள்' என்று கேட்டால் எங்கோ ஏற்கெனவே இருக்கும் பத்திதான் வரும். உரை தேர்வான மின்னஞ்சலிலேயே குறிப்பான கேள்விகளைக் கேளுங்கள். இந்த உரையில் சொல்லப் போவதை எந்த வேலையில், எந்த அளவில் செய்தீர்கள்? அதில் உங்கள் கையால் நடந்தது எது, குழுவால் நடந்தது எது? நிரலாக்கத்துக்கு வருமுன் என்ன செய்தீர்கள், அதைச் சொல்ல விருப்பமா? இப்போதைய நிறுவனத்தின் பெயரைப் போட அனுமதி வாங்கியாயிற்றா? பெயர் எப்படி எழுதப்பட வேண்டும், எப்படி உச்சரிக்கப்பட வேண்டும்?

பெயருக்கு ஒரே கட்டம் வையுங்கள். 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என இரண்டையும் கட்டாயமாக்கினால், ஒற்றைப் பெயர்க்காரர்கள் இரண்டாவது கட்டத்தில் புள்ளி வைப்பார்கள். அந்தப் புள்ளி பெயர் அட்டையிலும் அச்சாகும். உச்சரிப்புக்குப் பேச்சாளரே சொன்ன ஐந்து வினாடி ஒலிப்பதிவைப் போல உதவுவது வேறில்லை.

தேர்வின் முதல் சுற்றை பெயர் மறைத்து நடத்துபவராக இருந்தால், பயோவையும் உரைச் சுருக்கத்தையும் தனித்தனிக் கட்டங்களில் வாங்குங்கள். உரை விண்ணப்பங்களைக் கையாளும் ப்ரீடால்க்ஸ் போன்ற கருவிகளில் மதிப்பீட்டாளருக்குப் பெயரை மறைக்கும் வசதி உண்டு. ஆனால் சுருக்கத்துக்குள்ளேயே 'நான் பராமரிக்கும் இந்த லைப்ரரியில்' என்று எழுதியிருந்தால் கருவி அதைக் கண்டுபிடிக்காது. மதிப்பீட்டுக்கு அனுப்பும் முன் ஒருவர் உட்கார்ந்து படித்து நீக்க வேண்டும்.

என்ன சரிபார்ப்பது

பேச்சாளர்கள் பொய் சொல்வது அரிது. சொற்கள் வழுக்குவதுதான் வழக்கம். 'உருவாக்கியவர்', 'பராமரிப்பவர்', 'பங்களிப்பவர்' மூன்றும் வேறு வேறு. தொடங்கியவருக்கு முதல் சொல். இப்போது மாற்றங்களை ஏற்கவும் மறுக்கவும் உரிமை உள்ளவருக்கு இரண்டாவது. ஓர் ஆவணப் பிழையைத் திருத்தியவரும் மூன்றாவதற்குள் அடங்குவார். திட்டத்தின் நிரல் இருக்கும் களஞ்சியத்தைத் திறந்து பராமரிப்பாளர் பட்டியலையும் கமிட் (பதிவான நிரல் மாற்றம்) வரலாற்றையும் பாருங்கள். கமிட் எண்ணிக்கையை மட்டும் வைத்து யாரையும் குறைத்துவிட வேண்டாம். மதிப்பாய்வும், வரும் புகார்களை வகைப்படுத்துவதும், பயனர் கேள்விகளுக்குப் பதில் சொல்வதும் அந்த எண்ணில் தெரியாது. ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளைப் பகிரும் என்பிஎம் தளத்தின் பதிவிறக்க எண்ணையும் பயோவில் போடாதீர்கள். தானியங்கிச் சோதனை ஓடும் ஒவ்வொரு முறையும் அது ஏறலாம், எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதை அது காட்டாது.

'டிசி39 உறுப்பினர்' என்று வந்தால் நிதானியுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் தரநிலையை வடிக்கும் அந்தக் குழுவில் உறுப்பினராக இருப்பவை பெரும்பாலும் நிறுவனங்கள். தனிமனிதர் ஒரு நிறுவனத்தின் பிரதிநிதியாகவோ அழைக்கப்பட்ட வல்லுநராகவோ இருப்பார். எது என்று கேட்டு அதையே எழுதுங்கள்.

அனுபவ ஆண்டுகளைத் தொழில்நுட்பத்தின் பிறந்த ஆண்டோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஜாவாஸ்கிரிப்ட் 1995. நோட் 2009. டைப்ஸ்கிரிப்ட் வெளியானது 2012 அக்டோபர். பக்க இடைமுகம் கட்டும் ரியாக்ட் பொதுவெளிக்கு வந்தது 2013 மே. வ்யூ 2014, ஸ்வெல்ட் 2016. வெப் செயலிகள் கட்டும் ஆங்குலரில்தான் குழப்பம் அதிகம். 2010-இல் வந்த ஆங்குலர்ஜேஎஸ்ஸும் 2016-இல் புதிதாக எழுதப்பட்டு வந்த ஆங்குலரும் வேறு வேறு. 'ஆங்குலரில் பதினைந்து ஆண்டு' என்பவர் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறார். கணக்கு இடித்தால் பேச்சாளரிடம் மென்மையாகக் கேளுங்கள். அநேகமாக மொத்த வெப் அனுபவத்தை ஒரு கருவியின் பெயரில் எழுதியிருப்பார்.

'முன்னாள்' என்று தொடங்கி பெரிய நிறுவனப் பெயரில் முடியும் சொற்றொடருக்கும் இதே கவனம் வேண்டும். அங்கே என்ன செய்தார் என்பது இல்லாமல் பெயர் மட்டும் நின்றால் நீக்கிவிடுங்கள். உரையோடு தொடர்புள்ள வேலை அங்கே நடந்திருந்தால் அந்த வேலையை எழுதுங்கள், நிறுவனப் பெயர் தானாக வந்து சேரும்.

எழுதுவது

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். உரை, சர்வீஸ் வொர்க்கரின் (பக்கத்துக்குப் பின்னணியில் பிரவுசரில் ஓடும் நிரல்) கேஷ் சிக்கல்கள், அதாவது அது சேமித்து வைக்கும் நகல்களால் வரும் சிக்கல்கள் பற்றியது. வந்து சேர்ந்த பயோ இப்படி இருக்கிறது:

'ஆர்வமிக்க ஃபுல் ஸ்டாக் டெவலப்பர். 12 ஆண்டு அனுபவம் கொண்டவர். பல முன்னணி நிறுவனங்களில் பணியாற்றியவர். புதிய தொழில்நுட்பங்களைக் கற்பதில் ஈடுபாடு உள்ளவர். ஓய்வு நேரத்தில் பயணம் செய்வார்.'

பெயரை மாற்றிவிட்டு அரங்கில் யாருக்கு வேண்டுமானாலும் இதைப் பொருத்தலாம். மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டபின் வந்த பதில்களிலிருந்து எழுதினால்:

'வாடிக்கையாளர் சேவை மையத்தில் நான்கு ஆண்டுகள் தொலைபேசி எடுத்தவர், பிறகு நிரலாக்கத்துக்கு வந்தார். இப்போது ஒரு பயணச்சீட்டு முன்பதிவுத் தளத்தின் ஃபிரன்ட்எண்ட் குழுவை வழிநடத்துகிறார். பழைய விலைகள் பயனர்களின் பிரவுசரில் தங்கிவிட்ட ஒரு கேஷ் பிழையைக் கண்டுபிடித்து அகற்றியது இந்தக் குழு. அங்கே ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் ஓடும் கேஷ் சோதனைகளை எழுதியவர் இவர்.'

பன்னிரண்டு ஆண்டு என்பது போய்விட்டது, யாரும் அதைத் தேட மாட்டார்கள். சேவை மைய வேலை ஏன் உள்ளே வந்தது? பயனர் என்ன பார்த்தார் என்பதைப் போனில் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டவர் கேஷ் பிழையைப் பற்றிப் பேசுகிறார், அது நேரடித் தகுதி. 'குழு' என்றும் 'இவர்' என்றும் தனித்தனியாக எழுதியிருப்பதையும் கவனியுங்கள். அரங்கில் அவருடைய சக ஊழியர்கள் உட்கார்ந்திருப்பார்கள், எல்லாவற்றையும் ஒருவர் பெயரில் எழுதினால் சங்கடப்படுவது பேச்சாளர்தான்.

படர்க்கையில் எழுதுங்கள், இப்போதைய வேலையை நிகழ்காலத்தில். பக்கம் முழுக்க ஒரே முறை இருக்கட்டும், பாதிப் பேர் 'நான்' என்றும் மீதிப் பேர் 'இவர்' என்றும் வந்தால் கண் தடுக்கும். 'நிபுணர்', 'வல்லவர்', 'புகழ்பெற்ற' போன்ற சொற்களை யாருக்கும் போடாதீர்கள். ஒருவருக்குப் போட்டால் மற்றவர்களுக்குப் போடாதது தெரியும். திருத்திய பயோவைப் பேச்சாளர் ஒப்புக்கொள்ளும் முன் வெளியிடவே கூடாது.

ஒரே பயோவை மூன்று அளவில் வையுங்கள். அட்டைக்கும் திரைக்கும் ஒரே வரி, ஆறேழு சொல். தளத்துக்கு நாற்பது சொல் அளவில். தொகுப்பாளர் மேடையில் வாசிக்க, சத்தமாகப் படித்தால் முப்பது வினாடியைத் தாண்டாத ஒன்று. நீளமானதை வெட்டிக் குட்டையாக்கினால் முக்கியமான வரி கடைசியில் மாட்டிக்கொண்டு காணாமல் போகும், ஆகவே மூன்றையும் தனியாக எழுதுங்கள். மேடை வடிவத்தில் பெயர் கடைசியில் வரட்டும், கைதட்டலுக்கு அதுதான் சைகை. உரையின் முடிவு அதில் கசியக் கூடாது. 'கடைசியில் அந்தக் கேஷையே நீக்கிவிட்டார்' என்று தொகுப்பாளர் சொல்லிவிட்டால் பேச்சாளருக்கு மிச்சம் என்ன?

தமிழில் வெளியிடும்போது

படிவத்தில் மேக்ஸ்லெங்த் (நீள வரம்பு) 300 என்று வைத்தால் முந்நூறு எழுத்து கிடைக்காது. அது யுடிஎஃப்-16 அலகுகளை, அதாவது கணினி எழுத்தைச் சேமிக்கும் குறியீட்டுத் துண்டுகளை எண்ணுகிறது. 'தொழில்' என்பதில் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஆறு. வரம்பைத் தாராளமாக வையுங்கள், அல்லது ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கும் இன்ட்ல் செக்மென்டரைக் கொண்டு எழுத்துகளை எண்ணுங்கள். நீளத்தை வைத்து நடுவில் வெட்டும் நிரலும் இதே காரணத்தால் 'தொழில்' என்பதைப் புள்ளி இழந்த 'தொழில' ஆக்கிவிடும்.

சிலர் அனுப்பும் பயோவில் 'தொ'வின் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக இருக்கும். பார்வைக்கு ஒன்றுதான், தேடினால் கிடைக்காது. சேமிக்கும் முன், இவற்றை ஒரே குறியீடாக இணைக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பெயர்களை ஜாவாஸ்கிரிப்டின் வெறும் சார்ட் (வரிசைப்படுத்தும் கட்டளை) கொண்டு அடுக்கினால் கணேசனுக்குப் பின்னால் கண்ணன் வருவார், ஜகரப் பெயர்கள் சகரத்தை அடுத்து நிற்கும். தமிழ் லொகேல் (மொழி அமைப்பு) கொடுத்த இன்ட்ல் கொலேட்டரைப் பயன்படுத்துங்கள், அது தமிழ் அகரவரிசையில் அடுக்கும். பக்க முகவரியில் பெயரைத் தமிழில் வைத்தால், நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு குறியீடும் ஒன்பது எழுத்துகளாக விரியும். அச்சிடும் முகவரிக்கு எண்ணோ ரோமன் எழுத்தோ போதும்.

படமும் காலக்கெடுவும்

சதுரப் படமாக, குறைந்தது 1000 பிக்சல் பக்கம் கேளுங்கள். வட்டமாக வெட்டுவதானால் முகத்தைச் சுற்றி இடம் வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நெற்றி போய்விடும். போனில் எடுத்த படத்தோடு எடுத்த இடத்தின் ஆயத்தொலைவும் ஒட்டிக்கொண்டு வரலாம். வீட்டில் எடுத்த படம் என்றால் அது வீட்டு முகவரி. படக் கோப்புக்குள் ஒளிந்திருக்கும் இந்த எக்ஸிஃப் தகவலை நீக்காமல் எந்தப் படத்தையும் தளத்தில் ஏற்றாதீர்கள். நீக்கும் முன் படத்தைச் சரியான திசைக்குத் திருப்பிவிடுங்கள், திசைக் குறிப்பும் அதற்குள்தான் இருக்கிறது. படத்துக்குக் கீழேயே பெயர் எழுத்தில் இருந்தால் ஆல்ட்டை (படத்துக்கான மாற்று எழுத்து) வெறுமையாக விடலாம். பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் ஒரே பெயரை இருமுறை வாசிப்பதால் யாருக்கும் பயனில்லை.

தேர்வுக்கும் மாநாட்டுக்கும் இடையே சில மாதங்கள் ஓடும், அதற்குள் சிலர் வேலை மாறியிருப்பார்கள். தளம், செயலி, அச்சு அட்டவணை, தொகுப்பாளர் தாள் எல்லாம் ஒரே தரவுக் கோப்பிலிருந்து உருவாகட்டும். அப்போது திருத்தம் ஓரிடத்தில் முடியும். அச்சுக்குப் போகும் முன் எல்லாருக்கும் ஒரு வரி அனுப்புங்கள்: பதவியும் நிறுவனமும் இப்படியே இருக்கட்டுமா? 'ஏன் மாற்றினீர்கள்' என்று கேட்க வேண்டாம். வேலை இழந்தவரும் இருப்பார், புது நிறுவனத்தை இன்னும் அறிவிக்க முடியாதவரும் இருப்பார். நிறுவனக் கட்டம் காலியாக இருந்தாலும் வடிவமைப்பு உடையாமல் இருக்கும்படி ஆரம்பத்திலேயே செய்துவிட்டால், யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

மாநாடு முடிந்ததும் அந்தப் பக்கத்தை ஆண்டோடு சேர்த்து உறைய வைத்துவிடுங்கள். அடுத்தடுத்த பதவி மாற்றங்களை அதில் ஏற்ற வேண்டாம், உரை நடந்த நாளில் அவர் யார் என்பதே அந்தப் பக்கத்தின் தகவல். உண்மைப் பிழைகளையும் பெயர் மாற்றங்களையும் மட்டும் திருத்துங்கள். படத்தையோ இணைப்பையோ நீக்கச் சொல்லிப் பேச்சாளர் கேட்டால் காரணம் கேட்காமல் நீக்குங்கள்.