உப்புக்காற்று ஊரில் போட்டோ-எட்ச் ஒட்டுவது எப்படி? (டி-55 டாங்கியை வைத்து)

பிளாஸ்டிக் மாடல் கிட்டில் ஒட்டும் போட்டோ-எட்ச் (மெல்லிய தகட்டை ரசாயனத்தால் அரித்தெடுத்த) பித்தளைப் பாகங்களைப் பற்றி எத்தனையோ வீடியோ இருக்கிறது. பெரும்பாலும் ஈரமில்லாத அறையில் எடுத்தவை. ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கம் உட்கார்ந்து அதையே அப்படியே செய்தால் பசை ஒட்டும் இடத்தில் தகராறு வரும். ஜன்னல் கம்பி துருவேறுகிற காற்று பித்தளையை மட்டும் சும்மா விடுமா? அதனால் இது நம் கரைக்கு ஏற்ற செய்முறை. கிட்டை ஒட்டி முடிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு தமியா நிறுவனத்தின் 1/35 அளவு (நிஜத்தில் 35இல் ஒரு பங்கு) டி-55ஏ டாங்கி. எளிதாகப் பொருந்தும் கிட், முதல் முயற்சிக்கு நல்லது.

1. எதை வாங்குவது

பிளாஸ்டிக் தகடு அரை மில்லிமீட்டர் தடிமன் என்றால் 1/35 அளவில் அது 17.5 மி.மீ. இரும்புப் பலகை. 0.15 மி.மீ. பித்தளை என்றால் 5 மி.மீ. சொச்சம்தான். மெல்லிய தகடாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டிய இடத்துக்கு மட்டும்தான் பித்தளை தேவை: என்ஜின் மேல்மூடியின் வலை, முன்விளக்குக் கூடு, மட்கார்டு தாங்கிகள். செக் நாட்டு எடுவார்ட், போலந்து ஆபெர், சீனத்து வாயேஜர் எல்லோரும் ஒரு செட்டில் நூற்றுக்கணக்கான துண்டுகளைத் தருவார்கள். எல்லாவற்றையும் ஒட்ட வேண்டும் என்று சட்டம் இல்லை. கோடாரி, மண்வெட்டியைப் பிடிக்கும் குட்டிக் கொக்கிகளை ஆரம்பத்தில் தொடவே வேண்டாம். இரண்டடி தள்ளி நின்றால் யாருக்கும் தெரியாது.

பீரங்கிக் குழல் தனியாக வாங்குவதாக இருந்தால் முதலில் ஆண்டை முடிவு செய்யுங்கள். 1971 போரில் நம் டி-55 எல்லாம் 100 மி.மீ. குழலோடு போனவை, 105 மி.மீ. பிறகு வந்தது. எதிர்ப்பக்கம் பாகிஸ்தானிடம் ஏறக்குறைய இதே உருவத்தில் டைப்-59 இருந்ததால், அடையாளம் தெரிய நம் வண்டிகளின் குழல் நடுவே பொய்யாக ஒரு புடைப்பு மாட்டியிருந்தார்கள். சாதாரணக் கடைசல் குழலில் அது இருக்காது. பிளாஸ்டிக் குழாய்த் துண்டில் நாமே செய்துகொள்ளலாம்.

2. கழுவுதல்

பிரேமிலிருந்து வெட்டுவதற்கு முன்பே பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, காய்ந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அதன் பிறகு விரல் படக்கூடாது, ட்வீசர் மட்டும். நம் ஊர் வியர்வை பட்ட இடம் சில நாளில் கறுத்துவிடும். மீதியை ஜிப் கவரில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

3. வெட்டு, மடிப்பு

பச்சை கட்டிங் மேட் இதற்கு ஆகாது. மெத்தென்று இருப்பதால் பாகம் வளைந்துவிடும். வீடு கட்டி மிஞ்சிய டைல்ஸ் துண்டுதான் என் மேசை. கத்திக்கு மெடிக்கல் கடையில் 15ஆம் நம்பர் சர்ஜிக்கல் பிளேடு, அதற்கு 3ஆம் நம்பர் கைப்பிடி. ஹாபி கத்தியை விட விலை குறைவு, கூர்மை அதிகம். வளைந்த விளிம்பை வைத்து உருட்டி அழுத்தினால் துண்டு பறக்காது.

மடிப்புக் கோடு பெரும்பாலும் மடிப்பின் உள்பக்கம் வரும். ஸ்டீல் ஸ்கேலால் ஒரு பக்கத்தை அழுத்தி, பிளேடை அடியில் விட்டு ஒரே மூச்சில் தூக்குங்கள். திரும்பத் திரும்ப மடித்தால் ஒடிந்துவிடும். உருண்டையாக வளைக்க வேண்டிய பாகத்தை மட்டும் லேசான தீயில் நிறம் மாறும்வரை காட்டி ஆறவிடுங்கள், இளகிவிடும். நேர்மடிப்புக்கு இது வேண்டாம்; மூலை மழுங்கும்.

4. பசை

இங்கேதான் நிதானம் வேண்டும்.

சூப்பர் குளூ காய்ந்து இறுகுவதில்லை. காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரத்தோடு வினைபுரிந்து இறுகுகிறது. அதனால் நம் கரையில் இரண்டு தொல்லை. ஒன்று, பாகத்தை நேராக வைப்பதற்குள் பிடித்துவிடும். இரண்டாவதுதான் பெரிது: பசையிலிருந்து கிளம்பும் ஆவி காற்றின் ஈரத்தில் இறுகி, சுற்றிலும் வெள்ளைப் பூப்பாகப் படியும். வலைக்கண் எல்லாம் சுண்ணாம்பு அடித்தது போல் ஆகிவிடும். அசிட்டோன் போட்டுத் துடைக்கப் போகாதீர்கள், பிளாஸ்டிக்கே கரைந்துவிடும்.

வழி இதுதான். பசையை நேராக ஊற்றாமல் டைல்ஸில் ஒரு சொட்டு விட்டு, ஊசி முனையில் தொட்டு வையுங்கள். பூப்புக்கு முதல் காரணம் அதிகப் பசை. ஒட்டியதை டப்பாவில் மூடி வைக்காதீர்கள், ஆவி உள்ளேயே சுற்றும். சின்ன ஃபேன் காற்று மெல்ல ஓடட்டும். ஜெல் வகை நகர்த்த நேரம் தரும். வாசம் குறைந்த வகை விலை கூடுதல்தான், ஆனால் பூப்பு ரொம்பக் குறைவு. விளக்குக் கூட்டுக்கு அதைத்தான் எடுப்பேன்.

நேரமும் முக்கியம். விடிகாலையில் ஈரம் உச்சத்தில் இருக்கும். உச்சிவெயில் நேரம் நல்லது. கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் வேலை தானாக நடக்கும். ஐப்பசி, கார்த்திகை வாடையில் ஏசி இல்லையென்றால் பித்தளையைத் தொடாமல் சக்கரம் ஒட்டிக்கொண்டிருங்கள்.

என்ஜின் வலைக்கு சூப்பர் குளூவே வேண்டாம் என்பது என் கட்சி. ஓரத்தில் பளபளப்பு வகை (gloss) அக்ரிலிக் வார்னிஷ் தடவி வலையை வைத்தால் போதும். தட்டையான பாகம், பாரமும் இல்லை. நன்றாகப் பிடிக்கும், வலைக்கண்ணும் அடைக்காது.

பசை பாட்டிலை ஃபிரிட்ஜில் வைப்பவர்கள் எடுத்தவுடன் திறக்காதீர்கள். குளிர்ந்த பாட்டிலுக்குள் ஈரம் கோத்துவிடும். அறைச் சூட்டுக்கு வரட்டும்.

5. பிரைமர்

பெயின்ட் நேரடியாகப் பித்தளையில் நிற்காது. மிஸ்டர் ஹாபியின் மெட்டல் பிரைமரை பிரஷ்ஷால் ஒரு கை, பிறகு வழக்கமான சாம்பல் பிரைமர். மழை நாளில் லாக்கர் ஸ்ப்ரே அடித்தால் அதுவும் வெளுக்கும். ஏர்பிரஷ் வைத்திருந்தால் தண்ணீர் பிடிக்கும் ஃபில்டர் கட்டாயம்.

பிற்சேர்க்கை: உச்சிப்புளி நண்பர் ஒருவர், தலைக்கு மேல் பறக்கும் சேத்தக் ஹெலிகாப்டருக்கு கிட் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார். சேத்தக் என்று தேடாதீர்கள், அது பிரான்ஸின் அலூயெட்-3. அந்தப் பெயரில் கிடைக்கும். படத்துக்காக அங்குள்ள கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். பருந்து வேலியருகே கேமராவோடு நிற்காதீர்கள், வெளியான படங்களே போதும்.

இன்னொன்று: பெயின்ட் உரிந்த தோற்றத்துக்குக் கல்லுப்பு தூவும் முறையைப் பலர் கேட்டார்கள். வாலிநோக்கம் உப்பளம் பக்கத்திலேயே இருக்கிறது, உப்புக்குப் பஞ்சமில்லை. பிளாஸ்டிக் பரப்பில் தாராளமாகச் செய்யலாம். பித்தளை மேல் வேண்டாம். மிச்சப் பொடி ஈரத்தை இழுத்து, பெயின்டுக்கு அடியில் பச்சை பூக்கும். அங்கே ஸ்பாஞ்சில் பெயின்ட் தொட்டு ஒற்றி எடுங்கள். மாடலை வைக்கும் அடித்தளத்துக்குக் கடற்கரை மணல் எடுப்பவர்களுக்கும் இதே கதைதான்: நல்ல தண்ணீரில் நாலைந்து முறை அலசி வெயிலில் காயவைத்து, மாவுச் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். அரை மில்லிமீட்டர் மணலே 1/35இல் கூழாங்கல் அளவுக்குத் தெரியும்.