ஹாட் ஸ்பாட் என்றால் உடம்புச் சூடு இல்லை: நாய்க்கு அரிப்பு வந்தால் நாம் செய்யும் தவறுகள்

ராத்திரி படுக்கும்போது நாய் நன்றாகத்தான் இருந்திருக்கும். காலையில் பார்த்தால் காதுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, முடி ஒட்டிப்போய், நீர் கசிந்துகொண்டு ஒரு புண். லேப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் வளர்ப்பவர்களுக்கு, அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், இது பழகிய காட்சி. இதைத்தான் ஹாட் ஸ்பாட் என்கிறார்கள்.

வில்லங்கமே அந்தப் பெயரில்தான். 'ஹாட்' என்றதும் நமக்கு உடம்புச் சூடு நினைவுக்கு வந்துவிடுகிறது. இளநீர் கொடு, மோர் ஊற்று, முட்டையை நிறுத்து. எங்கள் லேப்ரடாருக்கு முதல் தடவை வந்தபோது நானும் மூன்று நாள் தயிர்சாதம்தான் போட்டேன். புண் மூன்று மடங்கானது.

நடப்பது வேறு. ஏதோ ஒரு காரணத்தால் ஓரிடத்தில் அரிக்கிறது. நாய் அங்கே நக்குகிறது, கடிக்கிறது, பிறாண்டுகிறது. மேல்தோல் கிழிகிறது. அடர்ந்த முடிக்கடியில் எச்சிலும் நீரும் தேங்க, தோலில் ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியா பெருகுகிறது. அரிப்பு இன்னும் கூடுகிறது, நாய் இன்னும் நக்குகிறது. சில மணி நேரத்திலேயே புண் பெரிதாகிவிடுவது இதனால்தான். தொட்டால் சுடுவது அழற்சியால். சாப்பாட்டுக்கும் அந்தச் சூட்டுக்கும் சம்பந்தமில்லை.

ஆக, 'நாய் நாக்குலயே மருந்து இருக்கு, நக்கியே ஆத்திக்கும்' என்று விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. புண்ணை உண்டாக்கியதே அந்த நாக்கு. கழுத்தில் கூம்பு காலர் மாட்டியே ஆகவேண்டும். மாட்டினால் அது சுவரில் முட்டிக்கொண்டு, சொத்தை எழுதி வாங்கிக்கொண்டவனைப் பார்ப்பதுபோல நம்மைப் பார்க்கும். பாவம் என்று ராத்திரி கழற்றிவிடுவோம். இரண்டு நாளில் ஆறிய புண்ணைப் பத்து நிமிடத்தில் பழையபடி ஆக்கிவிடும்.

அடுத்தது, முடியை அகற்றாமல் மேலே மருந்து தடவுவது. கண்ணுக்குத் தெரிவதைவிடப் புண் பெரும்பாலும் பெரிது; சுற்றிலும் நல்ல தோல் தெரியும்வரை முடியை எடுத்துக் காற்றாட விடவேண்டும். கத்தரிக்கோல் வேண்டாம், முடியோடு தோலும் சேர்ந்து வெட்டுப்பட்டுவிடும். டிரிம்மர்தான் சரி. பிறகு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் நார்மல் சலைனால் கழுவி, ஒற்றி எடுத்துத் துடைக்கலாம். கட்டுப்போட்டு மூடக் கூடாது. இந்தப் புண் கடுமையாக வலிக்கும். எவ்வளவு சாதுவான நாயும் கடிக்கும். திமிறினால் விட்டுவிட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள், தேவைப்பட்டால் மயக்கம் கொடுத்துச் செய்வார்கள். இதைச் சாக்காக வைத்து நாய்க்கு மொத்தமாக மொட்டை அடிப்பதும் தப்பு. கோல்டன் போன்ற இரட்டை அடுக்கு முடி பழையபடி வளராமலே போகலாம்.

வீட்டு வைத்தியங்களில் எல்லாமே ஒரே அளவு கெடுதல் இல்லை. தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசினால் ஈரத்தை உள்ளே அடைத்து, மேலே பொருக்குக் கட்டும், அவ்வளவுதான். டெட்டாலும் ஸ்பிரிட்டும் ரணமான தோலை எரிக்கும். எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சித் தடவுவது ஆபத்து, நக்கினால் வலிப்பே வரலாம். சொறிபிடித்த தெருநாய்களுக்கு மண்ணெண்ணெயும் பழைய இன்ஜின் ஆயிலும் ஊற்றுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த நாய் அத்தனையையும் நக்கித்தான் எடுக்கும்.

வீட்டு அலமாரியில் இருக்கும் படர்தாமரை ஆயின்மென்ட்டும் அப்படித்தான். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் ஒரே டியூபில் கலந்தவை நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. டெமோடெக்ஸ் என்ற, கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியால் வந்த சொறியாக இருந்தால் ஸ்டீராய்டு அதை மோசமாக்கும். தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் எது என்று தெரியும். அதற்காக ஸ்டீராய்டு என்றாலே பயப்பட வேண்டியதில்லை. ஹாட் ஸ்பாட்டுக்கு மருத்துவர் சில நாள் கொடுப்பது முறையான வைத்தியம். மாதாமாதம் அரிக்கும்போதெல்லாம் ஓர் ஊசி போட்டுக்கொண்டு திரும்புவதுதான் தவறு.

'எங்க நாய்க்குப் பூச்சியே கிடையாது' என்று எல்லோரும் சொல்வோம். வாலடியில் கடிக்கிறதென்றால் தெள்ளுப்பூச்சியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒவ்வாமை உள்ள நாய்க்குச் சில கடிகளே போதும், பூச்சி கண்ணில் படவேண்டியதில்லை. முடியில் சீப்பை ஓட்டி, வரும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளை டிஷ்யூவில் வையுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது நாயின் ரத்தம். நாய்மேல் இருப்பது கொஞ்சம்தான். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் பாயிலும் சோபா இடுக்கிலும் இருக்கும். கூட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கும். படுக்கையை வெந்நீரில் துவைக்காமல் நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் அடுத்த மாதம் அதே கதை.

இங்கே மூன்று எச்சரிக்கை. மாட்டு உண்ணிக்கு வாங்கிய மருந்தை ஒரு மூடி, இரண்டு மூடி என்று கண்ணளவில் கலந்து நாய்க்கு ஊற்றாதீர்கள். பெர்மெத்ரின் உள்ள நாய் மருந்து பூனைக்கு விஷம். வீட்டில் பூனை இருந்தால் வாங்குமுன் கேளுங்கள். ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்தை நீங்களாகக் கொடுப்பதும் வேண்டாம். கோலி இனத்து நாய்கள் பலவற்றுக்கு அது மூளையைத் தாக்கும்.

குளியலில் நடக்கும் தவறு சின்னது. மருந்து ஷாம்பூவைப் போட்ட கையோடு கழுவிவிடுகிறோம். அதிலுள்ள கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடின் வேலைசெய்ய அது தோலில் பத்து நிமிடம் ஊறவேண்டும். மனிதர் ஷாம்பூ நாயின் தோலுக்கு ஆகாது.

சாப்பாட்டு ஒவ்வாமை இருக்கலாம்தான், ஆனால் வாரம் ஒரு பிராண்டாக மாற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மருத்துவர் சொல்லும் ஒரே உணவை எட்டு வாரம் போடவேண்டும். வேறெதுவும் கூடாது. பாட்டி மேசைக்கடியில் நழுவவிடும் பிஸ்கட்டும் கணக்கில் சேரும்.

எங்கள் நாய்க்கு ஒரே வருடத்தில் மூன்று தடவை, மூன்றும் வலது காதுக்குக் கீழே. மூன்றாவது முறை வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் புண்ணைப் பார்க்கவில்லை, காதைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். உள்ளே ஈஸ்ட் பிடித்து, புளித்த வாடை. அரித்தது காது, அதைச் சொறியும்போதெல்லாம் பின்கால் நகம் பட்டது கன்னம். அதன்பிறகு காதுக்குத்தான் மருந்து போட்டோம்.